'நீட்' அழுத்திவிட்டுப் போன மேஜ் செய்தது திருட்டா?

காவேரிப்பட்டணத்திலிருந்து ஒரு கல்லூரி மாணவர் கேட்டிருக்கிறார். வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் கிளாசிக் என்ற ஆன்லைன் கேமில் வாரியர், அதாவது முன்னால் நின்று அடிக்கும் வீரன் பாத்திரம், ஆடுபவர். ஹேண்ட் ஆஃப் ஜஸ்டிஸ் என்ற டிரிங்கெட்டுக்காக (பாத்திரம் மாட்டிக்கொள்ளும் சின்னப் பொருள்) பிளாக்ராக் டெப்த்ஸ் என்ற, ஐந்து பேர் சேர்ந்து போகும் டஞ்சனுக்கு 14 முறை போயிருக்கிறார். 14ஆவது முறைதான், கடைசி பாஸை, அதாவது பெரிய எதிரியை, சாய்த்தபோது, அந்தப் பொருள் விழுந்தது. அன்றைக்குப் புதிதாகச் சேர்ந்த, முன்பின் தெரியாத ஒரு மேஜ் (மந்திரவாதி பாத்திரம் ஆடுபவர்) 'நீட்', அதாவது 'எனக்குத் தேவை' என்ற பட்டனை அழுத்தினார், ரோலில் (எண் குலுக்கலில்) ஜெயித்தார், ஒரு வார்த்தை பேசாமல் போய்விட்டார். இது திருட்டா, இல்லை கேமில் சகஜமா? கம்பெனிக்கோ போலீசுக்கோ புகார் கொடுத்தால் திரும்பக் கிடைக்குமா? அந்த மேஜின் பெயரைப் பொதுவில் போடலாமா? இதுதான் அவருடைய கேள்வி. கடைசியில் போகிற போக்கில் ஒரு வரி: "வீட்டில் சொன்னேன், அண்ணன் சிரித்துவிட்டான்."

தம்பி, நீங்கள் உண்மையில் கேட்டிருப்பது அந்தக் கடைசி வரியைத்தான் என்று நினைக்கிறேன். கையில் பிடிக்க முடியாத ஒரு பொருள் போனதற்கு இவ்வளவு வருத்தப்படுவது சரியா என்று கேட்கிறீர்கள். சரிதான், வருத்தப்படலாம். ஏன் என்று கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். மற்ற கேள்விகளுக்கும் அதிலேயே பதில் வந்துவிடும்.

தர்மபுரி நாலு ரோடு பக்கம் 2008லிருந்து 9 வருடம் கேம் சென்டர் நடத்தினேன். மொத்தம் 8 கம்ப்யூட்டர். 2019 ஆகஸ்டில் கிளாசிக் வந்ததிலிருந்து ஒரு கில்டில் (சேர்ந்து ஆடும் குழுவில்) லூட், அதாவது விழும் பொருள்களை, பிரித்துக் கொடுக்கும் வேலை என்னுடையது. நான் வக்கீல் கிடையாது. சட்டம் பற்றிப் பின்னால் சொல்வதை அந்த அளவுக்கே எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் பங்குத் தகராறுகளை நிறையப் பார்த்திருக்கிறேன். அதில் ஒன்றில் நானே பெரிய தவறு செய்தேன்.

சென்டர் ஆரம்பித்த அடுத்த வருடம் நடந்தது. ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்த இரண்டு பையன்கள் பள்ளி விட்டதும் வந்து டயப்லோ 2 ஆடுவார்கள். அந்த கேமில் பொருள் தரையில் விழும். யார் முதலில் கிளிக் செய்கிறார்களோ அவர்களுக்கு. ஒருநாள் ஸ்டோன் ஆஃப் ஜோர்டான் என்ற மோதிரம் விழுந்தது. அதற்காகத்தான் இரண்டு மாதமாக ஆடிக்கொண்டிருந்தார்கள். முதலில் விழுவது ஒருவனுக்கு, அடுத்தது மற்றவனுக்கு என்று பேசியும் வைத்திருந்தார்கள். யாருடைய முறையோ அவன் எதிரிகளைத் தடுத்து நின்றுகொண்டிருந்தான். மற்றவன் கிளிக் செய்து எடுத்துவிட்டான். சண்டை என்னிடம் வந்தது. "விளையாட்டுதானேடா, விடுங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். ஏமாந்த பையன் அன்று மீதிச் சில்லறையைக்கூட வாங்காமல் போனான். அதற்குப் பிறகு என் சென்டருக்கு அவன் வரவே இல்லை. அவர்கள் பேச்சும் நின்றுபோனதாகப் பிறகு தெரிந்தது. அவன் என்னிடம் கேட்டது மோதிரத்தை இல்லை. நடந்தது தப்புதான் என்று பெரியவர் ஒருவர் சொல்ல வேண்டும் என்று நின்றான். நான் அதைச் சொல்லவில்லை. இப்போது உங்களுக்குச் சொல்கிறேன்: நீங்கள் சொன்னபடியே நடந்திருந்தால், அது தப்புதான்.

இனி எது உறுதி, எது உறுதியில்லை என்று பிரித்துப் பார்க்கலாம். இந்த கேம் ஆடாதவர்களுக்காக முதலில் ஒரு விளக்கம். பொருள் விழுந்ததும் ஐந்து பேர் திரையிலும் ஒரு சின்னப் பெட்டி வரும். பகடைப் படம் இருப்பது 'நீட்', அதாவது எனக்கு இது தேவை, மாட்டிக்கொள்வேன். காசுப் படம் இருப்பது 'கிரீட்', யாருக்கும் தேவையில்லை என்றால் நான் விற்றுக்கொள்கிறேன். நீட் அழுத்தியவர்கள் இருக்கும்போது கிரீட் அழுத்தியவர்களுக்குக் கிடைக்காது. ஒருவருக்கு மேல் நீட் அழுத்தினால் 1 முதல் 100 வரை எண் உருளும், பெரிய எண் வந்தவருக்குப் பொருள். ஹேண்ட் ஆஃப் ஜஸ்டிஸ் என்பது கைக்கெட்டும் தூரத்தில் நின்று அடிப்பவர்களுக்கான பொருள். அடிக்கும்போது சில சமயம் கூடுதலாக ஓர் அடி விழ வைக்கும். தூரத்தில் நின்று மந்திரம் எறியும் மேஜுக்கு அதனால் பயனே இல்லை. எடுத்தவரோடு ஒட்டிக்கொள்ளும் பொருள் என்பதால் ஏலத்தில் போட்டுப் பணம் பார்க்கவும் முடியாது. கேமே நடத்தும் கடையில் போட்டால் கொஞ்சம் தங்கக் காசு வரும், அவ்வளவுதான். ஆக, உங்களுக்குப் பெரிதாக இருந்தது அவருக்கு அற்பமாக இருந்தது. மனதை இவ்வளவு அறுப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

கேமின் மென்பொருள் அந்த அழுத்தலை அனுமதித்தது என்பதும் உறுதி. அவர் எதையும் ஹேக் செய்யவில்லை, பட்டன் இருந்தது, அழுத்தினார். இதை வைத்துத்தான் பலரும் "கேமே விட்டிருக்கிறது, அப்புறம் என்ன தப்பு" என்று கேட்பார்கள். உங்கள் ஊர்ப்பக்கத்து மாந்தோப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். மரம் பூவோடு நிற்கும்போதே நாலு பேர் சேர்ந்து குத்தகை பேசி, மருந்தடித்து, காவல் காத்துக் காய் இறக்குகிறார்கள். வண்டியில் ஏற்றியதும் ஒருவர் மட்டும் சாவியைப் போட்டு ஓட்டிக்கொண்டு போய்விட்டால், "சாவி வண்டியிலேயே இருந்தது" என்பது பதிலாகுமா? சாவி இருந்தது, வண்டி கிளம்பியது என்பது மட்டும்தான் அதிலிருந்து தெரியும். நீட் பட்டனும் அப்படித்தான். யாரால் அழுத்த முடியும் என்பதை மென்பொருள் சொல்கிறது. யார் அழுத்தலாம் என்பதைச் சேர்ந்து உள்ளே போகிறவர்கள்தான் முடிவு செய்கிறார்கள். பயன்படுகிறவருக்கே நீட் என்பது 20 வருடப் பழக்கம். புதிதாகச் சேர்கிறவரும் அதை ஏற்றுக்கொண்டுதான் வருகிறார். அதனால்தான் மீறுகிறவருக்கு 'நிஞ்சா' என்று தனிப் பெயரே இருக்கிறது.

எல்லா கேமுக்கும் இது பொருந்தாது. கிருஷ்ணகிரிப் பக்கம் எருது விடும் விழா பார்த்திருப்பீர்கள். கொம்பில் கட்டிய தட்டியை யார் பறிக்கிறார்களோ அவருக்குத்தான். பறிகொடுத்தவர் யாரும் திருட்டு என்று சொல்வதில்லை. பறிப்பதற்கென்றே கட்டியது என்று எல்லோருக்கும் தெரியும். 2003இல் வந்த ஈவ் ஆன்லைன் கேம் அந்த மாதிரி. ஏமாற்றுவதும் அபகரிப்பதும் அந்த விளையாட்டின் பகுதி என்று அதை நடத்துபவர்களே சொல்லிவிட்டார்கள். அங்கேயும் ஒரு ஒழுங்கு இருக்கிறது: நீங்கள் உடைத்த கப்பலின் மிச்சத்திலிருந்து இன்னொருவர் பொருளை எடுத்தால் அவர்மேல் 15 நிமிடத்துக்குச் சந்தேகக் குறி விழும், அந்த நேரத்தில் யார் வேண்டுமானாலும் அவரைச் சுடலாம். பிஜிஎம்ஐ என்ற துப்பாக்கிச் சண்டை கேமில் வானத்திலிருந்து விழும் ஏர்டிராப் பெட்டியைக் கூட ஆடுபவர் முந்திக்கொண்டு காலி செய்வதையும் நான் திருட்டில் சேர்க்க மாட்டேன். எரிச்சலான விஷயம்தான். ஆனால் அந்தத் துப்பாக்கி அரை மணி நேரத்தில் மேட்ச்சோடு முடிந்துவிடும். உங்கள் டிரிங்கெட் அப்படி இல்லை.

உங்கள் இழப்பைக் கணக்கிலேயே பார்த்துவிடலாம். பொருள் விழும் வாய்ப்பைத் தோராயமாகப் பத்தில் ஒன்று என்று வைத்துக்கொள்வோம். அப்படியென்றால் 13 முறை வெறுங்கையோடு திரும்ப வேண்டிவருவது நான்கில் ஒருவருக்கு நேரும். உங்களுக்கு அசாதாரணமான துரதிர்ஷ்டம் எதுவும் இல்லை. ஆனால் 14ஆவது முறை அது விழுந்த பிறகு கைவிட்டுப் போனால், மறுபடி விழ சராசரியாக இன்னும் 10 முறை போக வேண்டும். பழைய 13 முறையும் கணக்கில் சேராது, ஒவ்வொரு தடவையும் வாய்ப்பு அதே பத்தில் ஒன்றுதான். ஒரு தடவைக்கு 2 மணி நேரம் என்றால் 20 மணி நேரம். அந்த மேஜ் சில காசுக்காக உங்களிடமிருந்து எடுத்தது அதைத்தான். இன்னொன்றும் கவனியுங்கள். ரோலில் உங்களுக்குப் பெரிய எண் வந்திருந்தால் இந்தக் கேள்வியே எழுதியிருக்க மாட்டீர்கள். ஆனால் தப்பு அப்போதும் நடந்துதான் இருக்கும். அவர் ஜெயித்தது எண்ணின் தற்செயல். உங்கள் முழு வாய்ப்பைப் பாதியாக வெட்டியது அந்த அழுத்தல்.

இனி உறுதியில்லாத பகுதி. அவர் வேண்டுமென்றே அழுத்தினாரா என்பதை நீங்கள் எழுதியதை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. பகடையும் காசும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதால் கை தவறுவது சாதாரணம். மாஸ்டர் லூட்டராக (விழும் பொருளை யாருக்குக் கொடுப்பது என்று முடிவு செய்து கொடுப்பவராக) இருந்தபோது நானே பட்டியலில் ஒரு வரி தவறி வேறொருவருக்குக் கொடுத்திருக்கிறேன். அவர் உடனே உரியவரிடம் ஒப்படைத்துவிட்டதால் பிரச்சினை ஆகவில்லை. கை தவறியதும் களவும் முதல் ஐந்து நிமிடம் ஒரே மாதிரிதான் இருக்கும். அதற்கப்புறம் அந்த ஆள் நிற்கிறாரா, ஓடுகிறாரா என்பதுதான் வித்தியாசம்.

ஓடினார் என்று சொல்வதிலும் எச்சரிக்கை வேண்டும். 2021 மே மாதம், ஓசூரிலிருந்து ஒரு பையன் எங்களோடு ரெய்டு (டஞ்சனைவிடப் பெரிய குழுவாகப் போகும் சண்டை) வந்தான். தனக்குப் பயன்படாத ஒரு பொருளுக்கு ரோல் போட்டு எடுத்தான், அடுத்த நிமிடம் ஆளைக் காணோம். கோபத்தில் குழுவிலிருந்து நீக்கினோம். நாலைந்து கில்டுகளுக்கு அவன் பெயரைச் சொல்லியும் விட்டோம். முக்கால் மணி நேரம் கழித்து வந்தான். கோடைக் காற்றில் கரண்ட் போய், கூடவே கேபிள் லைனும் போய், பக்கத்துத் தெருவில் நண்பன் வீட்டுக்கு ஓடிப்போய் லாகின் செய்திருந்தான், தவறி அழுத்தியதைத் திருப்பிக் கொடுப்பதற்காகவே. உரியவரைத் தேடிப் பிடித்துக் கொடுத்தான். நாங்கள் மன்னிப்புக் கேட்டோம். ஆனால் கெட்ட பெயர் போன வேகத்தில் மன்னிப்பு எல்லா இடத்துக்கும் போய்ச் சேரவில்லை. அதற்கப்புறம்தான் ஒன்றைக் கவனிக்கப் பழகினேன். இணைப்பு துண்டித்துப் போனவர் பெயர் குழுவில் அப்படியே இருக்கும், ஆஃப்லைன் என்று மங்கலாகக் காட்டும். தானே விலகிப் போனவர் என்றால் 'குழுவிலிருந்து விலகினார்' என்று சாட்டில் ஒரு வரி விழும். உங்கள் சாட்டில் அந்த வரி வந்ததா என்று நினைவுபடுத்திப் பாருங்கள். வந்திருந்தால் என் சந்தேகம் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

கம்பெனி திருப்பிக் கொடுக்குமா என்றால், எதிர்பார்க்காதீர்கள். பொதுவாக கேம் கம்பெனிகள் அக்கவுண்ட் திருடு போனால் பொருளை மீட்டுத் தருவார்கள், ஆட்களுக்குள் பங்குத் தகராறு என்றால் ஒதுங்கிக்கொள்வார்கள். யார் யாரிடம் என்ன சொன்னார்கள் என்று லட்சக்கணக்கான குழுக்களில் விசாரிக்க அவர்களால் முடியாது என்பதும் நியாயமே. கிளாசிக்கில் ஒரு வசதி மட்டும் உண்டு. ரெய்டில் விழுந்தது என்றால், ஒட்டிக்கொள்ளும் பொருளையும் 2 மணி நேரத்துக்குள், அந்த பாஸைக் கொன்றபோது கூட இருந்தவருக்கு மாற்றிக் கொடுக்கலாம். உங்களுடையது போல ஐந்து பேர் டஞ்சனில் விழுந்ததற்கு அந்த வசதி இல்லை. அதனால் ரெய்டில் இப்படி நடந்தால் முதல் வேலையாகத் திட்டாதீர்கள். "தவறி அழுத்திட்டீங்க போல, 2 மணி நேரத்துக்குள்ள மாத்திக் கொடுக்கலாம்" என்று தனியாக ஒரு செய்தி அனுப்புங்கள். உண்மையிலேயே தவறி அழுத்தியவருக்கு மானத்தோடு திரும்பி வர ஒரு வழி கிடைக்கும். வேண்டுமென்றே எடுத்தவரும் சிலர் அந்த வழியைப் பயன்படுத்தித் திருப்பிக் கொடுத்ததைப் பார்த்திருக்கிறேன்.

போலீஸ் விஷயத்தில், நீங்கள் சொன்ன சம்பவத்துக்கு வேண்டாம். வேறொருவர் உங்கள் பாஸ்வேர்டை ஏமாற்றி வாங்கி உள்ளே நுழைந்து பொருளைக் காலி செய்தால் அது வேறு. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66சி பிரிவில் அதற்கு 3 வருடம் வரை சிறையும் 1 லட்சம் ரூபாய் வரை அபராதமும் இருக்கிறது. அப்போது தயங்காமல் 1930க்கு அழையுங்கள். விளையாட்டுப் பொருளைச் 'சொத்து' என்று சொல்லலாமா என்ற கேள்விக்கு நெதர்லாந்தில் ஒரு தீர்ப்பு உண்டு. 2007இல் அங்கே இரண்டு பையன்கள் ஒரு 13 வயதுப் பையனை அடித்து, கத்தியைக் காட்டி மிரட்டி, ரூன்ஸ்கேப் கேமில் அவனிடமிருந்த ஒரு தாயத்தையும் முகமூடியையும் தங்கள் கணக்குக்கு மாற்றிக்கொண்டார்கள். அவை வெறும் மின்னணு மாயை, திருட அதில் ஒன்றும் இல்லை என்று வாதாடினார்கள். 2012 ஜனவரியில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. அந்தப் பையன் போட்ட நேரமும் உழைப்பும் அவற்றுக்கு மதிப்பைத் தருகின்றன என்றது. அங்கே அடி விழுந்தது கேமுக்கு வெளியே என்பதை மறக்கக் கூடாது. கேமின் பட்டனை அழுத்தியவரோடு அதை ஒப்பிட முடியாது. இருந்தாலும் உங்கள் அண்ணனிடம் இந்தத் தீர்ப்பைச் சொல்லுங்கள். படம்தானே என்று அவர் சிரித்ததைத்தான் அங்கேயும் வாதமாக வைத்தார்கள்.

இந்தத் தொல்லையை ஒழிக்க கேம் செய்பவர்கள் முயலாமல் இல்லை. 1999இல் எவர்க்வெஸ்ட் ஆடியவர்களே டிகேபி என்று ஒரு புள்ளி முறையை உருவாக்கினார்கள். வந்து உழைத்த நாளுக்குப் புள்ளி, பொருள் வேண்டும்போது அந்தப் புள்ளியைச் செலவழித்து வாங்க வேண்டும். நம் ஏலச்சீட்டு நோட்டு மாதிரியான கணக்கு. 2012இல் வந்த டயப்லோ 3இல் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பொருள் விழுந்தது, அடுத்தவருடையது கண்ணுக்கே தெரியாது. வார்கிராஃப்ட்டும் 2018இல் பேட்டில் ஃபார் அசெரோத் என்ற புதிய பாகத்தில் மாஸ்டர் லூட்டை எடுத்துவிட்டு எல்லோரையும் தனி லூட்டுக்கு மாற்றியது. திருட்டு நின்றது. ஆனால் எனக்கு அந்த முறை பிடிக்கவில்லை. திருட முடியாத இடத்தில் பெரும்பாலும் கொடுக்கவும் முடியாமல் போனது. ஆறு வாரமாக ஒரே கேடயத்துக்காக வந்து, ஒருநாளும் முணுமுணுக்காத ஒருவருக்கு, அது விழுந்த இரவில் 24 பேரும் ஒதுங்கி நின்று "நீங்க எடுங்க அண்ணா" என்று சொன்னதைக் கேட்டிருக்கிறேன். கொடுக்கும் பட்டனை அழுத்தியது நான், அன்று கை நடுங்கியது. அந்த இரவு தனி லூட்டில் நடக்கவே முடியாது. ஆடியவர்கள் பலரும் இதையே சொன்னார்கள் போல, 2022இல் டிராகன்ஃபிளைட் என்ற பாகத்தில் ரெய்டுகளுக்கு நீட், கிரீட் ரோல் திரும்பி வந்தது. கூடவே பழைய சண்டைகளும் வந்தன. அந்த விலை கொடுக்கத் தகும் என்பது என் கருத்து. இதில் நேர்மாறாக நினைப்பவர்களும் நியாயமானவர்களே.

உங்களுக்கு இப்போது தேவைப்படுவது சின்ன விஷயம்தான். ஐந்து பேர் டஞ்சனுக்குப் புள்ளி நோட்டெல்லாம் வேண்டாம். உள்ளே நுழையும் முன் பார்ட்டி சாட்டில் ஒரே வரி எழுதுங்கள்: "ஹேண்ட் ஆஃப் ஜஸ்டிஸுக்காக வருகிறேன், கிட்ட நின்று அடிப்பவர்கள் மட்டும் நீட், எல்லோருக்கும் சரியா?" நாலு பேரும் சரி என்று எழுதும் வரை நகராதீர்கள், அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள். கெட்ட எண்ணத்தோடு வருகிறவர் பெரும்பாலும் அந்த வரியைப் பார்த்ததும் விலகிவிடுவார், இரண்டு மணி நேரம் மிச்சம். மாஸ்டர் லூட் வைத்துக்கொள்ளவும் வழி உண்டு. ஆனால் தெரியாதவர்கள் உங்களையே நிஞ்சா என்று சந்தேகப்படுவார்கள் என்பதால் சின்னக் குழுவுக்கு நான் அதைச் சொல்வதில்லை. அந்த மேஜின் பெயரைப் பொதுவில் போடுவதைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். ஓசூர்ப் பையனுக்குப் பிறகு நான் போடுவதில்லை. என் பட்டியலில் குறித்துக்கொள்வேன், யாராவது அவரைப் பற்றி நேரில் கேட்டால் பார்த்ததை மட்டும் சொல்வேன்.

சனிக்கிழமை இரவு 10 மணிக்கு எங்கள் ஆட்கள் நாலு பேர் பிளாக்ராக் டெப்த்ஸ் போகிறோம். நான் பிரீஸ்ட், இன்னும் இரண்டு மேஜ், ஒரு வார்லாக், எல்லோரும் தூரத்தில் நிற்பவர்கள். அந்த டிரிங்கெட் எங்களில் யாருக்கும் பயன்படாது. முன்னால் நின்று அடி வாங்க ஒரு வாரியர் தேவைப்படுகிறது. வர முடியுமென்றால் உங்கள் சர்வர் பெயரை மட்டும் எழுதுங்கள்.